கடிதத்தைப் பிரிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்

நான் தியானத்தில் உட்கார ஆரம்பித்து 6 வருடம் ஆகிறது. முதல் 2 வருடம் நன்றாகப் போனது. அடுத்த 14 மாதம் என் வாழ்க்கையிலேயே மோசமான காலம். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கரையேறினேன். அந்த 14 மாதத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்போது என் தலையில் விழுந்த கடன் எப்படி வந்தது என்பது சின்னக் கதை, பலருக்கும் நடந்திருக்கும். அந்தக் கடனைப் பௌத்தப் பயிற்சி என்ற பெயரில் நான் எப்படி வளர்த்தேன் என்பதுதான் பெரிய கதை. தியானம் செய்தால் என்ன நன்மை என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தியானத்தை வைத்தே ஒருவன் தன்னை எப்படி ஏமாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 3 மாதச் சம்பளமும் ஒரு வருடத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும்.

சின்னக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து பழகிய நண்பன் தொழில் தொடங்கக் கடன் வாங்கினான். ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும், அதில் பாதி பேனா தேடியது. ஜாமீன் என்றால் ‘இவன் நல்லவன்’ என்று சாட்சி சொல்வது போல என்றுதான் நினைத்திருந்தேன். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தது. அவன் கட்டத் தவறினால் அவனிடம் கேட்டு முடித்த பிறகுதான் என்னிடம் வர வேண்டும் என்பதில்லை, நேராகவே என்னிடம் வசூலிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை நான் படித்தது கையெழுத்துப் போட்டு இரண்டரை வருடம் கழித்து. இன்றைக்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: அந்த முழுத் தொகையையும் கடன் வாங்குபவருக்கு இனாமாகக் கொடுக்க உங்களால் முடியுமா, கொடுத்துவிட்டு நட்பாக இருக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் கையெழுத்து வேண்டாம். முடியும் என்றாலும், ஒவ்வொரு தவணை விவரமும் உங்களுக்கும் ஒரு பிரதி வரும்படி எழுதி வாங்குங்கள், உங்கள் பொறுப்பு இவ்வளவு தொகை வரைக்கும்தான் என்று எல்லை போட முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வெட்கப்பட்டேன்.

இப்போது பெரிய கதை. வேலை நெருக்கடியில் தூக்கம் கெட்டபோதுதான் தியானம் பக்கம் வந்தேன். காலையில் 20 நிமிடம் மூச்சைக் கவனிப்பது, வாரத்தில் ஓரிரு நாள் ஏதாவது ஒரு சூத்திரத்தைப் படிப்பது, அவ்வளவுதான். உண்மையாகவே பலன் இருந்தது. கோபம் வருவதற்கு முன்னால் அது வரப்போவது தெரிந்தது. அந்தக் காலத்தில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது இரண்டு அம்புகள் பற்றிய பேச்சு. புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில் சல்லத்த சூத்திரத்தில் வருகிறது. ஒருவன்மேல் ஒரு அம்பு பாய்கிறது, வலிக்கிறது. பயிற்சியில்லாதவன் அந்த வலியை நினைத்துப் புலம்பி, மாரடித்து, இரண்டாவது அம்பையும் வாங்கிக்கொள்கிறான். பயிற்சி உள்ளவனுக்கு முதல் அம்பின் வலி மட்டும்தான். கேட்டவுடன் ‘அட’ என்றிருந்தது. பஸ் தவறினால், மேலதிகாரி திட்டினால், பல் வலித்தால், எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தேன். சின்னத் துன்பங்களுக்கு அது அற்புதமாக வேலை செய்தது. அதுதான் வினை.

முதல் கடிதம் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உறையின்மேல் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர். பார்த்தவுடன் வயிற்றுக்குள் யாரோ குளிர்ந்த கையை வைத்தது போல இருந்தது. நண்பனுக்கு ஃபோன் செய்தேன். “ரெண்டு தவணைதான்டா விட்டுப்போச்சு, இந்த மாசம் கட்டிடுவேன், நீ டென்ஷன் ஆகாத” என்றான். சரி என்று வைத்துவிட்டேன். உறையைப் பிரிக்கவில்லை. அன்று மாலை 20 நிமிடத்துக்குப் பதில் 45 நிமிடம் உட்கார்ந்தேன். வயிற்றிலிருந்த குளிர் மெல்லக் கரைந்து போனது. ‘பார், எல்லாம் வந்து போகிறது, அனிச்சா, நிலையாமை’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன்.

அதிலிருந்து இதுவே பழக்கமாகிவிட்டது. கடிதம் வரும், வயிறு சில்லிடும், உட்காருவேன், கரையும், இழுப்பறைக்குள் போகும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினேன். நான்கு மாதத்தில் தினமும் 2 மணி நேரம் உட்காருகிற ஆளாகிவிட்டேன். தெரிந்தவர்கள் என் முகத்தில் ஒரு அமைதி வந்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான். நண்பன் ஃபோனை எடுப்பதையே விட்டபோது, இன்னொருவனாக இருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பான். நான் ‘பற்றை விட வேண்டும்’ என்று இருந்துவிட்டேன். அங்கே விட்டது பற்றை இல்லை, பிடியை. இது புரிய இன்னும் பத்து மாதம் ஆனது.

நான் உபேக்கை, அதாவது சமநிலை மனம், என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் என்ன என்பதற்குப் பழைய நூலிலேயே பெயர் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்தப் பயிற்சி நூலில், அன்பு, கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேக்கை என்ற நான்குக்கும் தூரத்துப் பகை ஒன்று, பக்கத்துப் பகை ஒன்று என்று சொல்லப்படுகிறது. தூரத்துப் பகை நேர் எதிரானது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். பக்கத்துப் பகை சொந்தக்காரன் மாதிரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். உபேக்கைக்குப் பக்கத்துப் பகை எது தெரியுமா? அறியாமையிலிருந்து வரும் அலட்சியம். இரண்டுமே வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி அசையாமல் இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க நான் பின்னால் ஒரு வழி வைத்துக்கொண்டேன். உபேக்கை என்றால் அந்த விஷயத்தைப் பற்றிய விவரம் என்னிடம் இருக்கும்: எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள், யாரிடம் பேச வேண்டும். விவரம் கேட்டால் எரிச்சல் வருகிறதென்றால் அது அலட்சியம். அப்போது என்னிடம் யாராவது ‘பாக்கி எவ்வளவு?’ என்று கேட்டிருந்தால் பணத்தின் நிலையாமை பற்றிச் சொற்பொழிவு ஆற்றியிருப்பேன்.

இதற்கு நம் காலத்திலும் ஒரு பெயர் உண்டு. ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர், பௌத்தப் பயிற்சியும் செய்தவர், 1980களில் ‘ஸ்பிரிச்சுவல் பைபாஸிங்’ என்று சொன்னார். புறவழிச்சாலை என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் நெரிசல், சண்டை, குப்பை. புறவழிச்சாலையில் போனால் எதுவும் கண்ணில் படாது. ஆனால் நம் வீடு ஊருக்குள்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே இரண்டு அம்பு சூத்திரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. வலி பட்டவன் உடனே புலன் இன்பத்தின் பக்கம் ஓடுகிறான், ஏனென்றால் வலியிலிருந்து தப்பிக்க அதைத் தவிர வேறு வழி அவனுக்குத் தெரியாது என்று வருகிறது. நான் குடிக்கவில்லை, சூதாடவில்லை. என் போதை அந்த 45 நிமிடம் முடிந்தபின் வரும் லேசான தன்மைதான். அது கிடைக்காத நாளில் எரிந்து விழுந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை கதவைத் தட்டியதற்கு நான் கத்திய கத்தலை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. தியானம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உட்காருவதற்கு முன்னால், ‘இன்றைக்கு முடிக்க வேண்டிய, முடிக்கப் பயப்படுகிற காரியம் ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அதில் பத்து நிமிட வேலையையாவது முதலில் செய்யுங்கள். கடிதம் என்றால் பிரித்துப் படித்துவிட்டு உட்காருங்கள். மனசு அலைபாயும்தான். பாயட்டும், அன்றைக்கு அதுதான் பாடம்.

ஒன்பதாவது மாதத்தில் உட்கார்ந்தாலும் கரையாத நிலை வந்தது. மருந்து போதவில்லை, அளவைக் கூட்டுவோம் என்று 10 நாள் மௌன முகாமுக்குப் போனேன். இது அந்த முகாமின் குற்றம் இல்லை, முழுக்க என் குற்றம். விண்ணப்பத்தில் மனநலம் பற்றி, சமீபத்திய நெருக்கடிகள் பற்றித் தெளிவாகக் கேட்டிருந்தார்கள். ‘எதுவும் இல்லை’ என்று எழுதினேன். கட்டணம் கிடையாது, ஆனால் என்னிடம் விடுப்பு மீதமில்லாததால் 10 நாள் சம்பளம் போனது. காலை 4 மணிக்கு எழுப்புவார்கள், ஒரு நாளைக்குச் சுமார் 10 மணி நேரம் உட்கார வேண்டும், பேச்சு, ஃபோன், புத்தகம் எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் பார்த்தபோது சொர்க்கம் போல இருந்தது. உடம்பு முழுக்கக் கவனத்தைக் கொண்டுபோகச் சொன்ன நான்காம் நாள் சாயங்காலம் இழுப்பறை தானாகத் திறந்துகொண்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிரிக்காத ஒவ்வொரு கடிதமும் வரிசையாக வந்தது. நெஞ்சு படபடத்தது, கை மரத்துப்போனது, செத்துவிடுவேன் என்று நினைத்தேன். வெளியே ஓடி வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன், அங்கேயும் விடவில்லை. ஆசிரியரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சொன்னால் விண்ணப்பத்தில் எழுதிய பொய் தெரிந்துவிடுமே. பல்லைக் கடித்துக்கொண்டு 10 நாளையும் முடித்தேன். திரும்பி வந்து ஐந்து வாரம் தூக்கம் இல்லை.

தீவிரத் தியானத்தில் இப்படிப் பயம், படபடப்பு, தூக்கமின்மை வருவது என் ஒருவனுக்கு நடந்த அதிசயம் இல்லை. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பௌத்தத் தியானம் செய்யும் பலரிடம் பேசி இத்தகைய சிரமங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே நெருக்கடியின் நடுவில் இருக்கும்போது நீண்ட முகாமுக்குப் போகாதீர்கள். நெருக்கடியைச் சமாளித்துவிட்டுப் போங்கள், முகாம் எங்கும் ஓடிவிடாது. போனால் விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். அங்கே படபடப்பு வந்தால் கண்ணைத் திறங்கள், பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி நடங்கள், உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள், அவசியம் என்றால் பாதியில் கிளம்புங்கள். பாதியில் வருவது தோல்வி என்று யாரும் மார்க் போடப்போவதில்லை. தூக்கமின்மை ஒரு வாரத்துக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். நான் ஐந்து வாரம் கழித்துப் போனேன், முதல் வாரமே போயிருக்க வேண்டும். தியானம் செய்கிறவன் மாத்திரை சாப்பிடலாமா என்று ஒரு அசட்டு கௌரவம். புத்தர் காலத்துப் பிக்குகளுக்கே துணி, உணவு, தங்குமிடத்தோடு மருந்தும் நான்காவது தேவையாக அனுமதிக்கப்பட்டிருந்தது.

பதினான்காவது மாதத்தில் இழுப்பறை நிஜமாகவே திறந்தது. காப்பீட்டுப் பத்திரம் தேடிய மனைவி திறந்தாள். நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது 23 உறைகளும் தேதி வாரியாக மேசைமேல் அடுக்கியிருந்தன, எல்லாம் பிரித்து. கடைசி இரண்டு வக்கீல் நோட்டீஸ். அவள் அழவில்லை, திட்டவில்லை. “இதை எல்லாம் உள்ள வச்சிக்கிட்டு உங்களால எப்படிக் கண்ணை மூடி உட்கார முடிஞ்சது?” என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவளுக்குக் கவலை தரக்கூடாது என்றுதான் சொல்லவில்லை, அது புத்தர் சொன்ன நல்வாய்மை, நல்ல பேச்சு, என்று எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். வாயே திறக்காததை நல்வாய்மை என்று கணக்கெழுதியவன் நானாகத்தான் இருப்பேன். முதலில் பாக்கி என் 13 மாதச் சம்பள அளவு இருந்தது. அபராதம், வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேர்ந்து அந்த மேசைமேல் அது 18 ஆகியிருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் புத்தரின் பேச்சுகளின் இன்னொரு தொகுப்பான அங்குத்தர நிகாயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது இண சூத்திரம். இணம் என்றால் கடன். இத்தனை நாள் அதை நான் படித்ததே இல்லை. இல்லறத்தானுக்கு வறுமை துன்பம், கடன் வாங்குவது துன்பம், வட்டி கட்டுவது துன்பம், கேட்டு நெருக்கப்படுவது துன்பம், பின்தொடரப்படுவது துன்பம், கட்டுண்பது துன்பம் என்று படிப்படியாகப் போகிறது. புத்தருக்குக் கடன்காரன் படும் பாடு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்ததே என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். அதற்கு அடுத்துவரும் உவமைதான் என்னை அடித்துப் போட்டது. தீய செயல் செய்வது கடன் வாங்குவது போல. செய்ததை மறைப்பது இருக்கிறதே, அதுதான் வட்டி. பின்தொடரப்படுவது எது? காட்டுக்கோ மரத்தடிக்கோ ஆளில்லாத இடத்துக்கோ தனியாகப் போய் உட்காரும்போது, குற்ற உணர்வோடு எண்ணங்கள் வந்து மொய்க்குமே, அதுதான் பின்தொடரப்படுவது. முகாமில் நான் ஓடிப்போய் உட்கார்ந்த மரம் ஞாபகம் வந்தது. 14 மாதமாக நான் கட்டிக்கொண்டிருந்தது இரண்டு வட்டி.

மறுநாள் முதல் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எல்லாக் கடிதத்தின் தேதியையும் தொகையையும் கெடுவையும் எழுதினோம். எழுதி முடித்தபோது பயம் பாதியாகிவிட்டது, ஏனென்றால் நான் கற்பனையில் வைத்திருந்த தொகை அதைவிடப் பெரியது. அடுத்து ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசினோம். பிறகு இருவரும் சேர்ந்தே கடன் கொடுத்தவர்களிடம் போனோம். தவணையாகக் கட்டுகிறேன், அபராதத்தைக் குறையுங்கள் என்று எழுத்தில் கேட்டோம். இரண்டு சுற்றுப் பேச்சுக்குப் பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். இந்த வசதி முதல் இரண்டு மாதத்தில் இன்னும் சுலபமாகக் கிடைத்திருக்கும் என்று அங்கே இருந்த ஊழியரே சொன்னார். ஃபோனில் பேசியதை எல்லாம் அன்றைக்கே கடிதமாகவும் அனுப்பிவிடுங்கள், கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீதை வைத்திருங்கள். வாய்ப்பேச்சை நம்பி நான் ஒரு தவணையை இரண்டு முறை கட்ட இருந்தேன். நண்பனுக்கும் எழுத்தில் ஒரு கோரிக்கை அனுப்பினேன். அதை அனுப்பத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது.

பயிற்சி அப்போது நின்றுவிடவில்லை, ஆனால் இடம் மாறியது. தியான மெத்தையிலிருந்து ஃபோன் பக்கம் வந்தது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் கடைசிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு சார்புகளைச் சொல்வார். பள்ளியில் மனப்பாடமாகத் தெரிந்த பெயர்கள்தான்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. ஃபோன் மணி காதில் படுவது ஊறு. வயிறு சில்லிடுவது நுகர்வு. ‘எடுக்காதே, சைலன்ட்டில் போடு’ என்பது வேட்கை, விலகிப் போக வேண்டும் என்பதும் வேட்கையின் ஒரு வகைதான். முதல் இரண்டையும் என்னால் தடுக்க முடியாது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் ஒரு சந்து இருக்கிறது. ஃபோன் அடித்தால் மூன்று மூச்சு, வயிற்றில் குளிர் என்று மனசுக்குள் பெயர் சொல்வது, அப்புறம் எடுப்பது. குளிர் போன பிறகு எடுப்பது இல்லை, குளிரோடுதான் எடுப்பது. பழைய பழக்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அது மட்டும்தான். வசூலுக்குப் பேசியவர்களில் ஒருவர் மரியாதையில்லாமல் பேசுவார். அவர் பேசும்போது ஒரு கையை மேசைமேல் வைத்துக்கொண்டு அதன் அழுத்தத்தைக் கவனித்தபடி, “நீங்கள் சொன்ன தேதியைக் குறித்துக்கொண்டேன், எழுத்தில் அனுப்புங்கள்” என்று மட்டும் சொல்வேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்தும் கிடைக்காத ஒன்று அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

நண்பன்மேல் இருந்த கோபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிலும் ஒரு தப்பு செய்தேன். அவனை மன்னித்துவிட வேண்டும் என்று பிறர் நலம் விரும்பும் மெத்தா தியானத்தை நேராக அவன்மேலேயே ஆரம்பித்தேன். ‘நீ நலமாக இரு’ என்று வாய் சொல்லும், தாடை இறுகும். ஒரு மாதத்தில் அவன்மேலான வெறுப்போடு தியானத்தின் மேலும் வெறுப்பு வந்தது. விசுத்திமக்கத்தில் இதற்கு ஒரு வரிசையே இருக்கிறது: முதலில் தன்மேல், அடுத்து மதிப்புக்குரிய ஒருவர்மேல், பிறகு அன்புக்குரிய நண்பர், பிறகு எந்த உறவுமில்லாதவர், கடைசியில்தான் பகைவர். பகைவரிடம் தொடங்காதே என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. அங்குத்தர நிகாயத்தில் மனக்கசப்பைப் போக்கும் ஐந்து வழிகளைச் சொல்லும் சூத்திரத்தில், அந்த ஆளை நினைக்காமல் விடுவதும் ஒரு வழி என்று பார்த்தபோது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அன்பு செலுத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில மாதம் அவனை நினைக்காமல் இருந்தேன், கோரிக்கைக் கடிதத்தை மட்டும் மாதம் ஒருமுறை அனுப்பினேன். கோபம் போய்விட்டால் பணம் கேட்கக் கூடாது என்று ஒரு விதியும் எங்கும் இல்லை. கோபமில்லாமல் கேட்டால்தான் கேள்வி தெளிவாக இருக்கிறது.

இதை எல்லாம் தனியாகத் தூக்கியதுதான் எல்லாத் தப்புக்கும் தாய். நல்ல நட்பு என்பது இந்த வாழ்வில் பாதி என்று சீடர் ஆனந்தர் சொல்ல, அப்படிச் சொல்லாதே, முழுவதும் அதுதான் என்று புத்தர் திருத்துகிறார். அதைப் படித்துவிட்டுப் பத்துப் பேர் கொண்ட தியானக் குழுவில் வாராவாரம் உட்கார்ந்தேன், ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. திறந்த பிறகு தெரிந்தது, பக்கத்து மெத்தையில் உட்கார்ந்திருந்த பெரியவர் இருபது வருடத்துக்கு முன்னால் தொழிலில் திவாலானவர். “தம்பி, மொதல்லயே சொல்லியிருந்தா நான் உங்ககூட வந்திருப்பேனே” என்றார். பிற்பாடு ஒரு முறை வந்தார், எதுவும் பேசாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்கே என் குரல் நடுங்காமல் இருந்தது. யாரிடமாவது ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். தியானம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

பணத்தை எப்படிக் கையாளுவது என்றும் புத்தர் இல்லறத்தாருக்குச் சொல்லியிருக்கிறார். சிகாலோவாத சூத்திரத்தில் வருமானத்தை நான்காகப் பிரித்து, ஒன்றை அனுபவிக்க, இரண்டைத் தொழிலில் போட, நான்காவதை ஆபத்துக்கு வைக்க என்று வருகிறது. கடன் இருக்கும்போது அந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது, நான் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த நான்காவது பங்கைச் சின்னதாகவாவது விடாமல் எடுத்து வைத்தோம். மூன்று வருடத்தில் அது இரண்டு முறை காப்பாற்றியது.

நான் கட்டி முடித்தது மொத்தம் 16 மாதச் சம்பளம். போன மாதம் நிலுவை எதுவும் இல்லை என்ற கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் வயிறு வழக்கம்போல் சில்லிட்டது, நல்ல கடிதம் கெட்ட கடிதம் எல்லாம் அதற்குத் தெரியாது. வாசலில் நின்றபடியே பிரித்தேன். இல்லறச் சீடரான அனாதபிண்டிகரிடம் புத்தர் சொன்ன இல்லறத்தாரின் நான்கு சுகங்களில் கடனில்லாத சுகம் ஒன்று, அனண சுகம். சோபாவில் படுத்து மத்தியானம் முழுக்கத் தூங்கினேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நண்பன் கூப்பிட்டான். திரையில் பெயரைப் பார்த்து மூன்று மூச்சு விட்டுவிட்டு எடுத்தேன். “எப்படிடா இருக்க?” என்றான். நன்றாக இருக்கிறேன், பாக்கியை எப்போது தருவாய் என்று கேட்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அடுத்த மாதம் 5ஆம் தேதி முதல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறேன் என்றான். எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு, நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டேன்.